பனங்கிழங்கைச் சுட்டுப் பாருங்கள்

காஞ்சிபுரம் பக்கம் ஏரிக்கரைப் பனைகளில் ஆவணி, புரட்டாசியில் பழம் உதிரும். அந்தக் கொட்டைகளை வீணாக்காதீர்கள். மண்ணை மேடாகக் குவித்துப் பாத்தி கட்டிப் புதையுங்கள். முளை கீழ்நோக்கித்தான் இறங்கும். மண் பொலபொலவென்று இருந்தால் கிழங்கு நன்றாக நீளும்.

மார்கழி, தையில் தோண்டிவிடுங்கள். ஓலை விரியும்வரை விட்டால் மாவுச்சத்து அதற்குப் போய்விடும். நமக்கு மிஞ்சுவது நார்தான்.

வேகவைப்பது எல்லோருக்கும் தெரிந்தது. இந்த வருஷம் சுட்டுப் பாருங்களேன். மண்ணைக் கழுவி, ஈரம் போகத் துடையுங்கள். தோலை உரிக்கவேண்டாம், தோல் கருகினாலும் கிழங்கு தன் ஈரத்திலேயே வெந்துவிடும். எரியும் தீ ஆகாது, தணல்தான் வேண்டும். திருப்பித் திருப்பிப் போடுங்கள். நகம் பதிந்தால் பதம். தோலையும் நாரையும் உரித்து, இரண்டாகப் பிளந்து, நடுக்குருத்தை எடுத்துவிட்டு, உப்பும் மிளகுத்தூளும் தூவிச் சாப்பிடலாம். பச்சையாகத் தின்னக்கூடாது.

பனையைச் சூளைக்கு வெட்டிக் கொடுத்தால் பணம் ஒரு தடவைதான். வெட்டக் கலெக்டர் அனுமதி வேண்டும் என்று 2021இல் அரசே அறிவித்தது. ஆகவே, பத்துக் கொட்டையைக் கரையிலேயே ஊன்றிவிடுங்கள். பனங்கன்றைப் பிடுங்கி நட்டால் பிழைப்பது அரிது. பேரப்பிள்ளைகளுக்கும் கிழங்கு வேண்டுமல்லவா?