அம்மாவின் பயமும் தங்கச்சியின் மாத்திரையும்

"காக்கா வலிப்பு" என்ற வார்த்தையை நாம் சினிமாவில் சிரிப்புக்காகக் கேட்டிருப்போம். எங்கள் வீட்டில் யாரும் அதற்குச் சிரிக்க மாட்டோம். ஆறாவது படிக்கும் என் தங்கைக்கு நான்கு வருஷமாக வலிப்பு இருக்கிறது. இதை மலரில் எழுதட்டுமா என்று அம்மாவிடம் கேட்டேன். "எழுதுப்பா. அவ பேரை மட்டும் போட்டுடாத. நாளைக்கு ஒரு வீட்டுக்கு வாழப்போற பொண்ணு" என்றது.

லேபில் 230 வோல்ட்டோடு பழகுகிற நமக்கு இது சுலபமாகப் புரியும். மூளையிலும் மின்சாரம் உண்டு. தலையில் ஒயர் ஒட்டி இ.இ.ஜி. எடுத்தால் மைக்ரோ வோல்ட் கணக்கில் தெரியும். நரம்புச் செல்கள் ஒரே நேரத்தில் கட்டுமீறித் துடித்தால் அதுதான் வலிப்பு. பேயும் இல்லை, ஒட்டுவாரொட்டியும் இல்லை.

அம்மாவுக்கு முதல் பயம் கிணறு. அப்புறம் விறகடுப்பு, குளிக்கும்போது போடுகிற தாழ்ப்பாள். மூன்றும் சரியான பயம்தான், டாக்டரும் அதையே சொன்னார். ராத்திரி முந்தானை நுனியைத் தங்கச்சி கையில் முடிந்துகொண்டுதான் அம்மா தூங்கும். நான் கிண்டல் செய்திருக்கிறேன். வலிப்பு உள்ளவர்கள் சிலர், பெரும்பாலும் தூக்கத்தில், திடீரென இறந்துவிடுவது உண்டு என்று பிறகுதான் படித்தேன். குழந்தைகளில் வருஷத்துக்குச் சுமார் 4500 பேரில் ஒருவர் என்று 2017-ல் அமெரிக்க நரம்பியல் அகாடமி சொன்னது. அபூர்வம்தான். அதற்குப் பிறகு முந்தானை முடிச்சை நான் கிண்டல் செய்வதில்லை.

ஆனால் அம்மா பயப்படாத ஒன்றுதான் எங்களை ஆஸ்பத்திரிக்கு ஓட வைத்தது. எட்டு மாதம் வலிப்பே வரவில்லை. "அதான் குணமாயிடுச்சே, மாத்திரை ஈரலைத் தின்னுடும்" என்று பக்கத்து வீட்டு ஆயா சொல்ல, அம்மா மாத்திரையை நிறுத்திவிட்டது. ஐந்தாம் நாள் ராத்திரி வந்த வலிப்பு நிற்கவே இல்லை. அப்பா இரும்புச் சாவியைக் கையில் திணிக்கிறார், நான் கடிகாரத்தைப் பார்க்கிறேன். ஐந்து நிமிஷம் தாண்டினால் காத்திருக்கவே கூடாது. ஆட்டோவில் ஏற்றினோம்.

டாக்டர் திட்டவில்லை. இரண்டு வருஷமாவது வலிப்பு இல்லாமல் இருந்தால்தான் நிறுத்துவதைப் பற்றியே பேசலாம், அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக என்றார். சாவி சமாசாரமும் அன்றுதான் விளங்கியது. பெரும்பாலான வலிப்பு இரண்டு மூன்று நிமிஷத்தில் தானே நின்றுவிடும், பேர் சாவிக்குப் போகும்! ஒருக்களித்துப் படுக்க வைத்து, தலைக்கடியில் துணி வைத்தால் போதும். வாயில் எதையும் வைக்காதீர்கள், கைகாலை அமுக்காதீர்கள்.

வலிப்பு உள்ளவர் திருமணத்துக்குத் தகுதியில்லை என்று இந்து திருமணச் சட்டத்தில் இருந்ததை 1999-ல் நீக்கிவிட்டார்கள். வீட்டில் படித்தவன் நான்தானே, அம்மாவுக்கு எடுத்துச் சொன்னேன். "சட்டத்துல எடுத்துட்டாங்க சரி, ஊரு வாயில எடுக்கலையே" என்றது. எனக்குப் பதில் வரவில்லை.

அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ராத்திரி மாத்திரையைக் கொடுத்த பிறகுதான் காலண்டர் தாளைக் கிழிக்கும். போன மாதம் ஊருக்குப் போனபோது ஞாபகமில்லாமல் காலையிலேயே கிழித்துவிட்டேன். அன்றைக்கு எனக்குச் சரியான திட்டு.