பாசுர ஒப்பீட்டில் தடையிலாத் தொகுதிமுறைச் செயலாக்கம்: ஜாவாஸ்கிரிப்ட் வழி ஒரு விளக்கம்

முன்னுரை

திருவில்லிபுத்தூரில் தோன்றிய பெரியாழ்வார், ஆண்டாள் ஆகிய இருவரின் பாசுரங்கள் முறையே 473, 173, கூடுதல் 646. இவற்றின் சொற்றொடர்கள் நாலாயிரத் திவ்வியப் பிரபந்தத்தின் பிற பகுதிகளில் எங்கெங்குப் பயில்கின்றன எனக் காண விழையும் ஆய்வாளர், மரபுவழி எண்ணிக்கையின்படி எஞ்சிய 3354 பாசுரங்களோடு ஒவ்வொன்றையும் ஒப்பிடுதல் வேண்டும். ஒப்பீடுகளின் எண்ணிக்கை 21,66,684 ஆகும். இதனை இணைய உலாவியிலேயே நிகழ்த்தும் முறையையும், அதில் ஆய்வு முடிவு பிழைபடும் இடத்தையும் இக்கட்டுரை விளக்குகிறது.

உறைதலின் காரணம்

ஜாவாஸ்கிரிப்ட் நிரல் உலாவியின் ஒற்றை இழையில் இயங்குவது. அதாவது, ஒரு நேரத்தில் ஒரு பணியையே செய்வது. திரையை வரைதலும் சொடுக்கலை ஏற்றலும் பெரும்பாலும் அவ்விழையையே சார்ந்துள்ளன. ஒப்பீடு முழுவதும் ஒரே சுழற்சியாக நிகழுமாயின், அது முடியும்வரை பக்கம் உறைந்து நிற்கும்; நிறுத்தும் பொத்தானும் செயற்படாது. 50 மில்லிநொடியைக் கடக்கும் பணி ‘நீண்ட பணி’ எனக் கொள்ளப்படுகிறது.

தொகுதிமுறை

பணியைச் சிறு தொகுதிகளாகப் பகுத்து, ஒவ்வொன்றின் முடிவிலும் இழையை உலாவிக்கு விட்டுக்கொடுத்தல் இதற்குத் தீர்வாகும். அந்தாதி வெண்பாவும் திருவெழுகூற்றிருக்கையும் நீளத்தால் ஒவ்வாதவை. ஆதலின் தொகுதியை எண்ணிக்கையால் வரையறுப்பதினும் காலத்தால் வரையறுத்தல் தக்கது. 10 மில்லிநொடி கடந்ததும் நிறுத்தி, எஞ்சியதை ‘செட்டைம்அவுட்’ வழி ஒத்திவைக்கலாம். ‘பிராமிஸ்’ மட்டும் இதற்குப் போதாது. அதன் தொடர்பணிகள் திரை வரையப்படுமுன்னரே அடுத்தடுத்து நிறைவேறுவதால் உறைதல் நீங்குவதில்லை.

வெட்டும் இடம்

ஒருங்குறியில் ‘கோ’ என்னும் எழுத்து, ககரமும் உயிர்க்குறியுமாக இரு குறியீடுகளாய்ப் பதிகிறது. குறியீட்டு எண்ணிக்கையால் உரையை வெட்டின், ககரம் ஒரு தொகுதியிலும் உயிர்க்குறி மற்றொன்றிலும் பிரிந்து நிற்கக்கூடும். எனவே பாசுரமே வெட்டலகாதல் வேண்டும்.

அந்தாதியை ஆராய்வோர்க்கு அதுவும் போதாது. நம்மாழ்வாரின் திருவாய்மொழி 1102 பாசுரங்களும் அந்தாதியாய்த் தொடுக்கப்பெற்றவை. அடுத்தடுத்த பாசுரங்களிடையே 1101 இணைப்புகள் உள்ளன. நூறு நூறாகப் பகுத்துத் தனித்தனியே நோக்கின் 12 தொகுதிகள் அமையும். அவற்றின் எல்லைகளில் 11 இணைப்புகள் விடுபடும். காலத்தால் பகுப்பின், விடுபடுவன கணினியின் வேகத்திற்கேற்ப மாறும்; ஒரே நூல் இரு கணினிகளில் இரு வேறு முடிவுகளைத் தரும். நிரலோ பிழை எதனையும் அறிவிக்காது. முந்தைய தொகுதியின் இறுதிப் பாசுரத்தை அடுத்த தொகுதியின் தொடக்கத்திற்கும் எடுத்துச் செல்வதே இக்குறையைக் களையும் வழியாகும்.

முடிவுரை

தொகுதியின் கால அளவை உலாவியின் இயல்பு வரையறுக்கிறது. அதன் எல்லையை வரையறுக்க வேண்டியது நூலின் யாப்பாகும். ஆய்வாளர் முடிவுகளைப் பயன்கொள்ளுமுன், ஒப்பீடுகள் 21,66,684 ஆகவும் அந்தாதி இணைப்புகள் 1101 ஆகவும் நிறைவுற்றனவா எனச் சரிபார்த்தல் இன்றியமையாதது.