கவுன்சிலரைத் தெரியும்... உங்க ஏரியா சபை உறுப்பினரைத் தெரியுமா?

உங்கள் வார்டு கவுன்சிலர் யார் என்று கேட்டால் சட்டென்று சொல்லிவிடுவீர்கள். சின்ன ஊர் என்றால் அவர் யாருடைய தம்பி, எந்தத் தெருவில் வீடு, தேர்தலில் எத்தனை ஓட்டில் ஜெயித்தார் என்பது வரை தெரிந்திருக்கும். சரி, உங்கள் ஏரியா சபை உறுப்பினர் யார்?

இதே கேள்வியை ஊரில் இருக்கும் என் அம்மாவிடம் போனில் கேட்டேன். “அது என்னடா, புதுசா சங்கம் ஏதாவது ஆரம்பிச்சிருக்காங்களா?” என்று திருப்பிக் கேட்டார். எந்தத் தேர்தலிலும் ஓட்டுப் போடத் தவறாதவர் அவர். அவருக்கே தெரியவில்லை என்றால், குறை அவரிடம் மட்டும் இருக்க முடியாது.

குழாயில் தண்ணீர் வரும் நேரம், தெருவிளக்கு, குப்பைக் கிடங்கு, சந்தைக் கடை வாடகை, வீட்டு வரி... நம் அன்றாட வாழ்க்கையை அதிகம் தொடுகிற முடிவுகள் நகராட்சியிலும் பேரூராட்சியிலும்தான் எடுக்கப்படுகின்றன. அந்த முடிவுகளில் நம் குரலுக்கு எவ்வளவு இடம் இருக்கிறது?

ஓட்டுப் போடுவதில் சின்ன ஊர்தான் முதலிடம்

2022 பிப்ரவரி 19-ல் தமிழ்நாட்டின் 21 மாநகராட்சிகள், 138 நகராட்சிகள், 489 பேரூராட்சிகளுக்குத் தேர்தல் நடந்தது. அதற்கு முந்தைய தேர்தல் 2011-ல். 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்த பிறகு, ஐந்து ஆண்டுகளுக்கும் மேலாக மக்கள் பிரதிநிதிகளே இல்லாமல் தனி அலுவலர்கள்தான் ஊரை நிர்வகித்தார்கள். ஐந்து ஆண்டு முடிவதற்குள் தேர்தல் நடத்த வேண்டும் என்று அரசியல் சாசனம் சொல்லியும் இதுதான் நிலைமை.

அந்த 2022 தேர்தலின் வாக்குப்பதிவைப் பாருங்கள். மாநகராட்சிகளில் 52 சதவிகிதம். நகராட்சிகளில் 68 சதவிகிதம். பேரூராட்சிகளில் ஏறக்குறைய 75 சதவிகிதம். ஊர் சின்னதாகச் சின்னதாக ஆர்வம் கூடுகிறது. ஒரே ஓட்டில் வென்றவர்களும், சமமாக ஓட்டு வாங்கிக் குலுக்கலில் வென்றவர்களும் அந்தத் தேர்தலில் உண்டு.

ஆக, சின்ன ஊர் மக்களுக்கு அக்கறை இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. அந்த ஒரு நாளுக்குப் பிறகு ஐந்து வருடம் அவர்களிடம் யாரும் எதையும் கேட்பதில்லை என்பதுதான் பிரச்னை.

நகர்மன்றத் தலைவரைக்கூட நாம் நேரடியாகத் தேர்ந்தெடுக்கவில்லை. 1996, 2001, 2011 தேர்தல்களில் தலைவருக்கென்று தனியாக ஓட்டுப் போட்டோம். 2006-லும் 2022-லும் கவுன்சிலர்கள் கூடித் தலைவரைத் தேர்ந்தெடுத்தார்கள். தலைவர் மீது நமக்குக் கோபம் என்றால் அதைக் காட்ட இருக்கிற ஒரே நேரடி வழியும் கவுன்சிலர்தான்.

“ஆல் பாஸ்!”

நகர்மன்றக் கூட்டம் பார்த்திருக்கிறீர்களா? ‘மன்றத்தின் பார்வைக்கும் முடிவுக்கும்’ என்று முடியும் பொருள்களை ஊழியர் ஒருவர் மளமளவென்று வாசித்துக்கொண்டே போவார். இந்தத் தெருவுக்கு வடிகால், அந்த மோட்டாருக்குப் பழுதுநீக்கம், வாகனத்துக்கு டீசல் என்று பட்டியல் நீளும். பாதி வாசிக்கும்போதே “ஆல் பாஸ்” என்று ஒரு குரல் வரும். மேஜையைத் தட்டுவார்கள். அத்தனையும் தீர்மானமாகிவிடும்.

எல்லா ஊரிலும் எல்லாக் கூட்டமும் இப்படித்தான் என்று சொல்லவில்லை. சண்டை போட்டு, கேள்வி கேட்டு, வெளிநடப்பு செய்கிற கவுன்சிலர்களும் இருக்கிறார்கள். ஆனால், ‘ஆல் பாஸ்’ என்ற சொல் உள்ளூர்ச் செய்தியாளர்கள் எல்லோருக்கும் பழக்கமானது. மேஜையைத் தட்டிய அந்த நிமிடத்தில் நம் தெருவுக்கான முடிவும் போய்விடுகிறது.

2022 ஏப்ரலில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். சொத்து வரி உயர்வை மாநில அரசு அறிவித்தது. சென்னை தவிர்த்த மற்ற ஊர்களில் 600 சதுர அடி வரையிலான குடியிருப்புகளுக்கு 25 சதவிகிதம், 1,200 சதுர அடி வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100 சதவிகிதம். மத்திய நிதிக் குழுவின் மானியம் வேண்டுமானால் வரியைச் சீரமைத்தாக வேண்டும் என்ற நிபந்தனை அதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. புதிதாகப் பதவியேற்று ஒரு மாதமே ஆகியிருந்த மன்றங்கள் அதைத் தீர்மானமாக நிறைவேற்றின. ஆட்சேபம் இருந்தால் தெரிவிக்கலாம் என்று பொதுமக்களுக்கு அறிவிப்பும் வந்தது.

அந்த அறிவிப்பை உங்களில் எத்தனை பேர் பார்த்தீர்கள்? வரி கூடியதை நம்மில் பலர் தெரிந்துகொண்டது கேட்பு ரசீது கைக்கு வந்த பிறகுதான். அப்போது ஆட்சேபம் சொல்லும் நாள் முடிந்திருந்தது.

கிராமத்தில் இருக்கிறது, நகரத்தில் இல்லை

நகராட்சி எல்லையைத் தாண்டி ஒரு கிலோமீட்டர் போனால் ஊராட்சி வந்துவிடும். அங்கே கிராம சபை உண்டு. வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கும் எல்லோரும் அதன் உறுப்பினர்கள். யாரும் நியமிக்க வேண்டாம். வருடத்துக்கு நான்கு முறை கூடிவந்த கிராம சபை, 2022-ல் மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய நாள்களும் சேர்ந்து ஆறு முறையானது. வரவு செலவுக் கணக்கை அங்கே வாசிக்க வேண்டும். 500 பேர் வரை வாழும் ஊராட்சி என்றால் 50 பேராவது வர வேண்டும், மக்கள்தொகை 10,000-க்கு மேல் என்றால் 300 பேர் வர வேண்டும் என்று குறைந்தபட்ச வருகைக்கும் கணக்கு உண்டு.

கிராம சபை சொன்னால் எல்லாம் நடந்துவிடும் என்பதும் இல்லை. பரந்தூர் விமான நிலையத்துக்கு எதிராக ஏகனாபுரம் மக்கள் 2022-லிருந்து திரும்பத் திரும்பத் தீர்மானம் போட்டார்கள். அரசு திட்டத்தைக் கைவிடவில்லை. அதே சமயம், மதுரை மாவட்டம் அரிட்டாபட்டி டங்ஸ்டன் விவகாரத்தில் 2024 நவம்பரில் சுற்றுவட்டார ஊர்கள் கிராம சபைகளில் எதிர்ப்புத் தீர்மானம் நிறைவேற்றின. டிசம்பர் 9-ல் சட்டமன்றமே எதிர்த்துத் தீர்மானம் போட்டது. 2025 ஜனவரி 23-ல் ஏலத்தை மத்திய அரசு ரத்து செய்தது. பெரிய போராட்டம் சேர்ந்ததால் கிடைத்த வெற்றி அது. ஆனால், ‘எங்களுக்கு வேண்டாம்’ என்று ஊர் சொன்னதற்கு எழுத்தில் ஓர் ஆதாரம் இருந்தது. அந்த ஆதாரம் கிராம சபையின் தீர்மானம்.

2025 ஜனவரி தொடக்கத்தில் வந்த அறிவிப்பு பல கிராமங்களைக் கொதிக்க வைத்தது. 16 மாநகராட்சிகளுடன் 4 நகராட்சிகள், 5 பேரூராட்சிகள், 149 ஊராட்சிகளை இணைப்பது, 41 நகராட்சிகளுடன் 147 ஊராட்சிகளைச் சேர்ப்பது, 13 நகராட்சிகளையும் 25 பேரூராட்சிகளையும் புதிதாக உருவாக்குவது என்பது திட்டம். நகரத்தோடு சேர்ந்தால் சாலை வரும், குடிநீர் வரும், பாதாளச் சாக்கடை வரும் என்றது அரசு. நூறு நாள் வேலை போய்விடும், வரி கூடிவிடும் என்று மக்கள் கலெக்டர் அலுவலகங்களுக்கு மனுவோடு போனார்கள்.

வேலையும் வரியும் எல்லோருக்கும் தெரிந்த கவலைகள். மூன்றாவதாக ஒன்றையும் அந்த மக்கள் இழக்கிறார்கள். அது கிராம சபை. நகராட்சி எல்லைக்குள் வந்த மறுநாள் முதல் அந்த ஊரில் கிராம சபை கிடையாது. இணைப்பு வேண்டாம் என்று தீர்மானம் போட்ட அதே சபை, இணைப்போடு காணாமல் போகிறது. அதன் இடத்தில் என்ன கிடைக்கிறது என்று பார்த்தால், அம்மாவிடம் நான் கேட்ட ஏரியா சபைக்கு வந்து சேர்கிறோம்.

ஏரியா சபை என்றால் என்ன?

1993-ல் நடைமுறைக்கு வந்த 74-வது அரசியல் சாசனத் திருத்தம், வார்டு கமிட்டிகள் அமைப்பதை 3 லட்சமும் அதற்கு மேலும் மக்கள்தொகை உள்ள நகரங்களுக்குத்தான் கட்டாயமாக்கியது. நம் சின்ன ஊர்கள் அந்தக் கோட்டுக்கு வெளியே நின்றுவிட்டன. தமிழ்நாட்டில் 2010-ல் சட்டம் திருத்தப்பட்டாலும், விதிகள் வந்தது 2022-ல்தான். அந்த ஆண்டு நவம்பர் 1-ல் முதல் முறையாக ஏரியா சபைகள் கூடின. தாம்பரம் மாநகராட்சியின் பம்மலில் நடந்த கூட்டத்தில் முதல்வர் ஸ்டாலின் கலந்துகொண்டார்.

ஒவ்வொரு வார்டையும் சில ஏரியாக்களாகப் பிரிப்பார்கள். அந்த ஏரியாவின் வாக்காளர்கள் கூடுவது ஏரியா சபை. ஏரியாவுக்கு ஒருவர் பிரதிநிதி. கவுன்சிலர் தலைமையில் இந்தப் பிரதிநிதிகள் சேர்ந்தது வார்டு கமிட்டி. எங்கே விளக்கு வேண்டும், எந்தத் தெருக்குழாய் பழுது, எந்த வேலையை முதலில் செய்ய வேண்டும் என்று மக்கள் சொல்வதை இந்த வழியாக மன்றத்துக்குக் கொண்டுபோக வேண்டும். ஏட்டில் இது நல்ல ஏற்பாடு.

கோளாறு எங்கே என்றால், அந்தப் பிரதிநிதியை நாம் தேர்ந்தெடுப்பதில்லை. மன்றம் நியமிக்கிறது. மன்றத்தைக் கேள்வி கேட்க வேண்டியவரை மன்றமே தேர்வு செய்தால், கவுன்சிலருக்கு வேண்டியவரோ கட்சிக்காரரோதானே வருவார் என்று ஆரம்பத்திலிருந்தே விமர்சனம் உண்டு. கூட்டம் எப்போது, எங்கே என்பது முன்கூட்டியே தெரியாவிட்டால், வருவது அழைத்துவரப்பட்டவர்கள் மட்டும்தான். இல்லத்தரசிகளும், கடையைப் பூட்ட முடியாதவர்களும், வேலைக்குப் போகிறவர்களும் விடுபட்டுப்போவார்கள்.

பக்கத்தில் கேரளாவைப் பாருங்கள். அங்கே ஒரு லட்சத்துக்கு மிகாத மக்கள்தொகை உள்ள நகராட்சிகளில் ஒவ்வொரு வார்டுக்கும் வார்டு சபை இருக்கிறது. வார்டின் வாக்காளர்கள் எல்லோரும் உறுப்பினர்கள், கிராம சபை மாதிரியே. 1996-ல் தொடங்கிய மக்கள் திட்ட இயக்கத்தில், மாநிலத் திட்ட நிதியில் மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகமாக உள்ளாட்சிகளுக்கு ஒதுக்கினார்கள். கையில் பணம் இருந்ததால் கூடிப் பேசுவதற்கும் ஓர் அர்த்தம் இருந்தது.

நாம் என்ன செய்யலாம்?

சட்டம் திருந்தும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. இருக்கிற கதவுகளையே தட்டிப் பார்க்கலாம்.

ஒன்று: தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு. கட்டணம் 10 ரூபாய். நகராட்சி அல்லது பேரூராட்சியின் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்புங்கள். எங்கள் வார்டு எத்தனை ஏரியாவாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது, பிரதிநிதிகள் யார், இதுவரை எந்தெந்தத் தேதியில் ஏரியா சபை கூடியது, அதன் நடவடிக்கைக் குறிப்பு எங்கே? 30 நாளில் பதில் தர வேண்டும். கூட்டமே நடக்கவில்லை என்று பதில் வந்தால், அதுவும் கையில் ஓர் ஆதாரம்தான்.

இரண்டு: கடந்த ஆறு மாத மன்றத் தீர்மானங்களின் நகலைக் கேளுங்கள். உங்கள் தெரு வடிகாலுக்கு எவ்வளவு ஒதுக்கினார்கள், யாருக்கு டெண்டர் போனது என்பது அதில் இருக்கும். பாதியில் நிற்கும் வேலை பற்றி கவுன்சிலரிடம் பேசும்போது, கையில் தீர்மான எண் இருந்தால் பேச்சின் தொனியே மாறிவிடும்.

மூன்று: ஏரியா சபை கூடுகிறது என்று தெரிந்தால் போங்கள். தனியாகப் போகாமல், பக்கத்து வீட்டுக்காரர்களோடு போங்கள். கோரிக்கையை எழுதிக் கொடுத்து, குறிப்பேட்டில் பதியச் சொல்லுங்கள். வாயால் சொன்னது கூட்டம் முடிந்ததும் காற்றோடு போய்விடும்.

நான்கு: வரி உயர்வு, எல்லை விரிவாக்கம், குப்பைக் கிடங்கு இடமாற்றம் போன்றவற்றுக்கு ஆட்சேப அறிவிப்பு வரும்போது கண்ணில் படும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். நாளிதழின் உள்பக்கத்தில் பொடி எழுத்தில் வரலாம். அலுவலக அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கலாம். தெருவுக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப்தான் இருக்கிறதே. காலை வணக்கப் படங்களுக்கு நடுவே, வாரம் ஒருமுறை அந்தப் பலகையைப் போட்டோ எடுத்துப் போடும் வேலையை ஒருவர் எடுத்துக்கொண்டால் போதும்.

2022 மார்ச்சில் பதவியேற்ற மன்றங்களின் ஐந்தாண்டு 2027 மார்ச்சில் முடிகிறது. அடுத்த தேர்தலுக்கு ஓட்டுக் கேட்டு வாசலுக்கு வருபவர்களிடம் சாலை, தண்ணீர் எல்லாம் கேளுங்கள். கூடவே இதையும் கேளுங்கள்: “ஜெயிச்சா ஏரியா சபையை ஒழுங்கா கூட்டுவீங்களா? உறுப்பினரை எங்களைக் கேட்டுப் போடுவீங்களா?”

அம்மாவுக்கு ஏரியா சபை பற்றி நான் விளக்கி முடித்ததும், அவர் கேட்டது ஒன்றுதான். “சரி, எங்க கூட்டம் எப்போ?” எனக்குப் பதில் தெரியவில்லை. அம்மாவின் பெயரில் 10 ரூபாய் மனு ஒன்றை எழுதி வைத்திருக்கிறேன்.