உங்களுக்குத் தெரியுமா? சாவியைத் திருப்பினால் 'டிக்' மட்டும்!

படகு எஞ்சின் கிளம்பவில்லை என்றதும் எல்லாரும் பேட்டரியைத்தான் திட்டுவார்கள். முதலில் கியர் லீவரைப் பாருங்கள். நியூட்ரலில் சரியாக உட்காராவிட்டால் ஸ்டார்ட்டருக்கு மின்சாரமே போகாது. ஓட்டுபவர் கையில் மாட்டிக்கொள்ளும் சிவப்புக் கயிற்றின் கிளிப் கழன்றிருந்தாலும் எஞ்சின் பற்றாது. (மெக்கானிக்கை வரவழைத்த பிறகு இதைக் கண்டுபிடிப்பதுபோல் வெட்கம் வேறில்லை.)

வெறும் 'டிக்' சத்தம் வந்தால்? 12 வோல்ட் பேட்டரி முழு சார்ஜில் சும்மா இருக்கையில் சுமார் 12.6 வோல்ட் காட்டும். அதை நம்பிவிடாதீர்கள், ஸ்டார்ட்டர் இழுக்கும்போதே அளக்க வேண்டும். அப்போது பேட்டரி முனையில் வோல்ட் நன்றாக இருந்து, ஸ்டார்ட்டரில் குறைந்தால், கோளாறு நடுவில் உள்ள வயரிலும் இணைப்புகளிலும்தான். உப்புக்காற்றில் டெர்மினலில் பச்சைக் களிம்பு ஏறும். சில சமயம் மேலுறை புதிதுபோல் பளபளக்க, உள்ளே செம்புக் கம்பி கறுத்துக் கிடக்கும்.

எஞ்சின் உறுமியும் படகு நகரவில்லையா? கியர்பாக்ஸைப் பிரிக்க அவசரப்படாதீர்கள். புரொப்பல்லர் நடுவிலுள்ள ரப்பர் புஷ் வழுக்கியிருக்கலாம். உள்குழாய்க்கும் வெளிவளையத்துக்கும் குறுக்கே ஒரு பெயின்ட் கோடு போட்டு ஓட்டிப் பாருங்கள். கோடு விலகினால் புஷ்தான் போயிருக்கிறது. கியர் ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் வந்தாலோ, சீல் வழியே தண்ணீர் புகுந்துவிட்டது என்று அர்த்தம்.