இரும்பும் உப்பும் – 6: நிற்கும் மெஷினுக்கும் ஒயில் வேண்டும்

காரைதீவுக்குக் கிழக்கே கடல், மேற்கே வயல். வள்ளத்து என்ஜினுக்கும் உழவு மெஷினுக்கும் உதிரிப்பாகம் தேடி இந்தக் கரையோரத்துப் பட்டறைகளுக்கு இரண்டு பக்கமிருந்தும் வேலை வருகிறது. வீட்டுக் கொட்டிலில் சிறிய மில்லிங் மெஷின் ஒன்றை வைத்திருப்பவரை எண்ணியே இந்த வாரம் எழுதுகிறேன். மெஷின் ஓடும்போதுதான் தேய்கிறது, ஆகவே ஓட்டுமுன் ஒயில் விட்டால் போதும் என்று பலரும் நினைக்கிறார்கள். கடலோரத்தில் அது பாதி உண்மைதான். நாள் முழுவதும் ஓடும் தொழிற்சாலை மெஷினில் ஒயில் ஓயாமல் புதுப்பிக்கப்படுகிறது. வீட்டு மெஷினோ வாரத்தில் சில மணிநேரம் ஓடி, மற்ற நேரமெல்லாம் சும்மா நிற்கிறது. அதைக் கெடுப்பது பெரும்பாலும் அந்த ஓய்வுதான். எனவே வேலை தொடங்கும்போது விடும் ஒயிலைவிட, வேலை முடிந்தபின் பூசும் ஒயிலே இங்கு முக்கியம்.

காரணம் உப்பு. காற்றின் ஈரப்பதன் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பு தானாகவே நீரை இழுத்துக் கரைந்துவிடும். வாடைக்காற்று வீசும் மாரியில் மெஷின்மேல் படியும் உப்புத்தூள் இப்படித்தான் கண்ணுக்குத் தெரியாத ஈரப்படலமாகி வார்ப்பிரும்பை அரிக்கிறது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் எல்லாம் காய்ந்துவிடுமே என்று கேட்கலாம். கடலுப்போடு கலந்து வரும் மக்னீசியம் குளோரைட் 33 சதவீத ஈரப்பதனிலேயே கரைந்துவிடும் என்பதுதான் அதற்குப் பதில். கச்சான் நாளிலும் உப்புப் படிந்த இரும்பு முழுதாகக் காய்வதில்லை. பொலித்தீனால் இறுக்கி மூடினால் ஈரம் உள்ளேயே அடைபட்டு நிலைமை மோசமாகும். காற்றுப் போய்வரும் தடித்த பருத்தித் துணியே நல்லது.

மேசை சறுக்கும் தடத்துக்கென்றே செய்யப்படும் ஒயில் உண்டு. பெரும்பாலும் ஐஎஸ்ஓ 68 என்ற இலக்கத்தில் வரும். அது வழிந்தோடாமல் இரும்பில் ஒட்டி நிற்கும். மெதுவாக நகர்த்தும்போது மேசை விக்கி விக்கி நகர்வதையும் தடுக்கும். வேலை முடிந்ததும் முதலில் சீவல்களைத் தூரிகையால் தள்ளி எடுக்க வேண்டும். கொம்பிரசர் காற்றால் ஊதினால் அவை தடத்தின் இடுக்குக்குள் போய்ச் சேரும். தண்ணீர் கலந்த கூலன்ட் பாவித்திருந்தால் அதை உலரத் துடைக்க வேண்டும். அது தடத்து ஒயிலையும் கழுவிக்கொண்டு போயிருக்கும். பிறகு ஒயில் விட்டு, மேசையை ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை ஓட்டி, ஓரத்தில் பிதுங்கும் ஒயிலை வெள்ளைத் துணியில் ஒற்றிப் பாருங்கள். கறுப்பாக இருந்தால் இரும்பு தேய்கிறது. செம்மண் நிறமென்றால் துரு. பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. மேசை எப்போதும் நடுப்பகுதியிலேயே வேலை செய்வதால் தடம் நடுவில்தான் அதிகம் தேயும். அங்கே ஏற்படும் தளர்வைக் குறைக்க, மேசையைத் தடத்தோடு அணைத்துப் பிடிக்கும் ஜிப் பட்டியை இறுக்கினால் கோடிகளில் மேசை சிக்கும். அந்தத் தேய்வுக்குப் பிறகு தடத்தைச் சுரண்டிச் சமப்படுத்துவதைத் தவிர வேறு வழியில்லை.

இந்த விலைவாசியில் தனி ஒயில் வாங்குவது கட்டுமா என்ற கேள்வி நியாயமானது. கணக்குப் பார்ப்போம். வாரம் 10 மில்லிலீற்றர் செலவானால் ஒரு லீற்றர் 100 வாரம், அதாவது இரண்டு வருடத்துக்குக் கிட்ட வரும். தடத்து ஒயில் கிடைக்காவிட்டால் அதே 68 இலக்க ஹைட்ரோலிக் ஒயில் அடுத்த தெரிவு. ஒட்டும் தன்மை குறைவு என்பதால் அடிக்கடி பூச வேண்டும். கழித்த என்ஜின் ஒயிலை மட்டும் தொடக்கூடாது. அதில் அமிலமும் கரியும் உலோகத் துகளும் இருக்கின்றன, தோலுக்கும் கேடு. தேங்காய் எண்ணெயும் வேண்டாம், நாள்பட்டால் அது சிக்கடித்து அமிலமாகும். ஒயில் தூசியை இழுக்கும் என்பது உண்மைதான். அதனால்தான் துடைத்தபின் மெல்லிய படலமாகப் பூசச் சொல்வது. கிறீஸ் போட்டு அடைத்த ஸ்பிண்டில் பெயாரிங்கில் மேலும் கிறீஸைத் திணித்தால் அது சூடேறும். அங்கே மெஷினோடு வந்த கைநூல் சொல்வதே முடிவு.

பராமரிப்பு சில்லறை விஷயமல்ல. 1966இல் பீட்டர் ஜோஸ்ட் தலைமையிலான குழு, உராய்வையும் தேய்வையும் சரியாகக் கவனித்தால் பிரிட்டன் ஆண்டுக்கு 51.5 கோடி பவுண் மிச்சப்படுத்தலாம் என்று அரசுக்கு அறிக்கை கொடுத்தது. நம் கொட்டிலுக்கும் அந்தக் கணக்குப் பொருந்தும். தடம் தேய்ந்த மெஷினை மீட்கும் செலவில் பல வருடத்துக்கான ஒயில் வாங்கலாம். ஆகவே வேலை முடிந்ததும் ஸ்விட்சை அணைத்துவிட்டுப் போய்விடாதீர்கள். துடைத்து, ஒயில் பூசி, மூடிய பிறகுதான் அன்றைய வேலை முடிகிறது.

(தொடரும்)