வெளிநாட்டுச் சொத்துக்கு உயில்

வெளிநாட்டில் சொத்து உள்ளவர் உயில் எழுதுமுன் பார்க்க வேண்டியது, அந்தச் சொத்து யார் பெயரில் இருக்கிறது என்பதை. திருப்பூர் வட்டார ஏற்றுமதி நிறுவனங்கள் சில அயல்நாட்டிலும் கால் ஊன்றியவை, அவிநாசியின் எஸ்.பி. அப்பேரல்ஸுக்குப் பிரிட்டனில் துணை நிறுவனம் உண்டு. நிறுவனத்தின் பெயரில் உள்ள கட்டடத்தையோ சரக்கையோ எந்தப் பங்குதாரரும் உயிலில் எழுத முடியாது. தன் பங்குகளை மட்டுமே எழுதலாம். மகன் படிக்கும் ஊரில் தன் பெயரில் வாங்கிய வீட்டுக்குத்தான் உயில் தேவை.

அடுத்தது, எந்த நாட்டுச் சட்டம் என்பது. வீடு, நிலம் போன்ற அசையாச் சொத்து எந்த நாட்டில் இருக்கிறதோ பொதுவாக அந்த நாட்டுச் சட்டத்துக்குக் கட்டுப்படும். வங்கிப் பணம், பங்குகள் போன்றவற்றுக்குப் பெரும்பாலும் இறந்தவர் நிலையாக வாழ்ந்த நாட்டின் சட்டம் பொருந்தும்.

கையெழுத்து முறையும் நாட்டுக்கு நாடு மாறும். 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 63ஆம் பிரிவுப்படி, எழுதியவரின் கையெழுத்தும் இரண்டு சாட்சிகளின் கையெழுத்தும் இருந்தால் உயில் செல்லும். முத்திரைத்தாள் வேண்டாம், பதிவும் கட்டாயமில்லை. முஸ்லிம்களுக்கு மட்டும் அவர்களது தனிச்சட்டம் பொருந்தும். சாட்சிகள் இருவரும் ஒரே நேரத்தில் உடனிருக்க வேண்டியதும் இல்லை. கம்பெனி மேனேஜர் காலையிலும் பக்கத்து வீட்டுக்காரர் மாலையிலும் சாட்சி போடலாம். எழுதியவர் அது தன் கையெழுத்துதான் என்று அவர்களிடம் ஒப்புக்கொண்டால் போதும். இங்கிலாந்தில் எழுதும் உயிலுக்கு இது ஆகாது. அங்கே எழுதியவர் கையெழுத்திடும்போதோ அதை ஒப்புக்கொள்ளும்போதோ இரு சாட்சிகளும் ஒருசேர இருக்க வேண்டும். சாட்சி போட்டவருக்கும் அவருடைய வாழ்க்கைத்துணைக்கும் எழுதிவைத்த சொத்து கிடைக்காது. இலங்கையில் நொத்தாரிசு (நோட்டரி) முன்னிலையில் இரண்டு சாட்சிகள் வேண்டும். நொத்தாரிசு இல்லாவிட்டால் ஐந்து பேர்.

திருப்பூரில் முறையாக எழுதிய உயிலை, வடிவம் சரியில்லை என்று இங்கிலாந்து தள்ளிவிடாது. எழுதப்பட்ட நாட்டின் சட்டத்துக்குப் பொருந்தினால் போதும் என்கிறது அந்நாட்டின் 1963ஆம் ஆண்டு உயில் சட்டம். ஆனால் மொழிபெயர்ப்பு, இந்தியச் சட்டத்துக்கு நிபுணர் சான்று, அங்குள்ள நீதிமன்ற அனுமதி என்று வாரிசுகள் அலைய நேரும். ஜெர்மனியில் வேறு சிக்கல்: அந்நாட்டுச் சட்டம் பிள்ளைகளுக்கு ஒரு கட்டாயப் பங்கை ஒதுக்குகிறது. 2015 ஆகஸ்ட் 17 முதல் நடைமுறையில் உள்ள ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி, தன் குடியுரிமை நாட்டின் சட்டமே பொருந்த வேண்டும் என்று உயிலிலேயே எழுதிவைக்கலாம். துபாய் சொத்துக்கு, முஸ்லிம் அல்லாதவர்கள் அங்குள்ள சர்வதேச நிதி மையத்தில் உயிலைப் பதிவு செய்யும் வசதி 2015 முதல் உள்ளது.

ஆகவே சொத்துள்ள ஒவ்வொரு நாட்டுக்கும் தனி உயில் எழுதுவதே நல்லது. ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது. ‘இதற்கு முன் எழுதிய உயில்கள் அனைத்தையும் ரத்து செய்கிறேன்’ என்பது உயில்களில் வழக்கமாக வரும் வாசகம். லண்டன் வீட்டுக்கு உயில் எழுதிய மறுவருடம் திருப்பூரில் எழுதும் உயிலில் இந்த ஒரு வரி நுழைந்தால், லண்டன் உயிலும் அதோடு போய்விடும். ‘இந்தியாவில் உள்ள என் சொத்துகள் குறித்து முன்பு எழுதிய உயில்களை மட்டும்’ என்று வரம்பு கட்டி எழுத வேண்டும். வெளிநாட்டு உயிலிலும் அதே வரம்பு வேண்டும். இரண்டு வழக்கறிஞர்களும் மற்றவரின் வரைவைப் படித்துவிடுவது பாதுகாப்பு.

வரியையும் கணக்கில் எடுக்க வேண்டும். இந்தியா 1985இல் மரணவரியை நீக்கிவிட்டது. பிரிட்டனிலோ பொதுவாக 3,25,000 பவுண்டுக்கு மேற்பட்ட மதிப்புக்கு 40 சதவீதம் வரி. கணவன் மனைவிக்குச் சலுகை உண்டு. வரிக்கான பணம் எந்தச் சொத்திலிருந்து வர வேண்டும் என்பதை உயிலிலேயே குறிப்பிடலாம்.

முறைப்படி வாங்கப்பட்ட வெளிநாட்டு வீட்டை, இந்தியாவில் வசிக்கும் வாரிசு உயில்வழி பெற்று வைத்துக்கொள்ள அந்நியச் செலாவணி விதிகள் இடம் தருகின்றன. ஆனால் அதை வருமானவரிப் படிவத்தின் வெளிநாட்டுச் சொத்து அட்டவணையில் காட்ட வேண்டும். காட்டத் தவறினால் 2015ஆம் ஆண்டின் கறுப்புப் பணச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் அபராதம் விதிக்கப்படலாம்.