அடுப்படிக்கு வெளியிலிருந்து வந்தவர்கள்

சாப்பாட்டைப் பற்றி எழுதிப் பேர் வாங்கியவர்களின் வாழ்க்கைக் குறிப்புகளைப் புரட்டினால் ஒன்று கண்ணில் படும்: கரண்டி பிடித்துப் பிழைத்தவர்கள் அவர்களில் அபூர்வம். ஒருவர் பட்டு வியாபாரி, ஒருவர் எண்ணெய் ஆராய்ச்சி செய்த வேதியியலாளர், ஒருவர் இசைப் பத்திரிகையாளர், இன்னொருவர் அரசாங்கச் செய்தித் துறை அதிகாரி. நாக்குக்கு ருசி தெரிந்தவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. கைமணம் உள்ளவர்களும் உண்டு. அவர்களில் எழுத உட்கார்ந்தவர்கள் மிகச் சிலர். சாப்பாட்டு ஆசைதான் அவர்களை எழுத வைத்தது என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். ஆசை இல்லாமல் முடியாதுதான். ஆனால் அது மட்டுமே போதும் என்றால் ஊருக்கு நூறு பேர் எழுதியிருக்க வேண்டும். அந்தச் சிலரைப் பிரித்துக் காட்டுவது, வேறொரு வேலையிலோ வாழ்க்கையிலோ அவர்கள் பழகிக்கொண்ட கவனிப்பு. அதோடு, தெரியாத ஒருவருக்கு விளக்கியே ஆக வேண்டும் என்ற நெருக்கடி. எதைப் பார்த்தார்கள் என்பதை அந்தப் பின்னணிதான் முடிவு செய்தது. எதைப் பார்க்காமல் விட்டார்கள் என்பதையும் அதுதான் முடிவு செய்தது.

இத்தாலியின் பெல்லெக்ரினோ அர்தூசியிலிருந்து தொடங்கலாம். ஃபோர்லிம்போபோலி என்ற சிற்றூரில் வியாபாரக் குடும்பத்தில் 1820-இல் பிறந்தவர். 1851-இல் ஒரு கொள்ளைக் கூட்டம் ஊருக்குள் புகுந்து வசதியான வீடுகளைச் சூறையாடியது. அர்தூசியின் வீடும் தப்பவில்லை. அடுத்த ஆண்டே குடும்பம் ஃப்ளாரன்ஸுக்குக் குடிபெயர்ந்தது. அங்கே பட்டு வியாபாரம் செய்து, ஐம்பது வயதையொட்டி ஓய்வு பெற்றார். 1891-இல், 71 வயதில், சமையலின் அறிவியலையும் நன்றாகச் சாப்பிடும் கலையையும் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அதைப் போடப் பதிப்பாளர் யாரும் முன்வரவில்லை. கைக்காசைப் போட்டுத் தானே அச்சிட்டார். முதல் பதிப்பில் 475 குறிப்புகள் இருந்தன. அவர் 1911-இல் இறப்பதற்குள் அவை 790 ஆகிவிட்டன. இடையில் நடந்தது ஒரு வியாபாரிக்கே கைவரக்கூடிய காரியம். புத்தகம் வாங்கியவர்கள் எழுதிய கடிதங்களுக்கெல்லாம் பதில் போட்டார். அவர்கள் சொன்ன குறிப்புகளைத் தன் வீட்டு அடுப்பில் செய்து பார்த்து, தேறியதை அடுத்த பதிப்பில் சேர்த்தார். இத்தாலி ஒரே நாடாகி அப்போது முப்பது ஆண்டுதான் ஆகியிருந்தது. ஒரு ஊர்ச் சமையல் அடுத்த ஊருக்குத் தெரியாது. சமையல் புத்தகங்களோ பிரெஞ்சுச் சொற்களால் நிரம்பிக் கிடந்தன. வாடிக்கையாளர் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்கத் தெரிந்த ஒருவர் அந்த ஊர்களை ஒரே புத்தகத்துக்குள் கொண்டுவந்து சேர்த்தார்.

கடிதத்திலிருந்து புத்தகம் பிறந்த கதை தமிழிலும் உண்டு. எஸ். மீனாட்சி அம்மாளின் ‘சமைத்துப் பார்’ 1951-இல் வெளிவந்தது. இள வயதிலேயே கணவரை இழந்து, குடும்பப் பொறுப்பைத் தலையில் சுமந்தவர் அவர். வெளியூர்களுக்குப் போய்விட்ட உறவினர்கள் இதை எப்படிச் செய்வது, அதை எப்படிச் செய்வது என்று எழுதிக் கேட்டபடி இருந்தார்கள். இதையெல்லாம் புத்தகமாகவே போட்டுவிடலாமே என்று யோசனை சொன்னவர் உறவினர் ஒருவர். மீனாட்சி அம்மாள் அடுப்படியிலேயே வாழ்ந்தவர் ஆயிற்றே, அப்படியிருக்க மேலே சொன்ன வாதம் எப்படிப் பொருந்தும் என்று ஒருவர் கேட்கலாம். அவருக்கு இணையான கைப்பக்குவம் உள்ள மாமிகள் அன்று ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். அவர்களுக்கு ‘கண் அளவு, கை அளவு’ போதுமானதாக இருந்தது. பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ள மருமகள் இருந்தாள். மருமகள் தொலைதூர நகரத்தில் தனியாகக் குடித்தனம் செய்யத் தொடங்கியபோது கண் அளவு செல்லாக்காசானது. அரிசியும் பருப்பும் எத்தனை ஆழாக்கு, எதற்குப் பின் எதைச் சேர்ப்பது, எப்போது இறக்குவது என்று சொல்லியாக வேண்டியிருந்தது. இதன் மறுபக்கம் மதுர் ஜாஃப்ரி. நடிப்புப் பயிற்சிக்காக 1950-களில் லண்டன் போனபோது அவருக்குச் சமைக்கத் தெரியாது. டெல்லியிலிருந்து அம்மா அனுப்பிய கடிதங்களை வைத்துத்தான் கற்றுக்கொண்டார். இந்தியச் சமையலுக்கு வெளிநாட்டாரை அழைத்த அவருடைய முதல் புத்தகம் 1973-இல் வந்தது. ஒருவர் கடிதம் எழுதியவர், மற்றவர் கடிதம் வாங்கியவர். இருவரையும் எழுத வைத்தது தூரம்.

ஊர்த் தூரத்தைப் போலவே தொழில் தூரமும் வேலை செய்யும். கே.டி. அச்சயா 1923-இல், அன்று சென்னை மாகாணத்தில் இருந்த கொள்ளேகாலில் பிறந்தவர். எண்ணெய், கொழுப்பு ஆராய்ச்சியில் ஆழங்கால் பட்ட வேதியியலாளர். அவருடைய இந்திய உணவு வரலாற்று நூல் 1994-இல் வந்தது. சாதாரண ரசிகர் இட்லியைப் பற்றி எழுதினால் மல்லிகைப் பூ போல என்று தொடங்குவார். அச்சயா அதை மூன்று கேள்விகளாகப் பிரித்தார்: உளுந்தோடு அரிசி எப்போது சேர்ந்தது, மாவை இரவு முழுக்கப் புளிக்க வைப்பது எப்போது வந்தது, ஆவியில் வேகவைப்பது எப்போது வந்தது? சுமார் 920-ஐச் சேர்ந்த கன்னட நூலான ‘வட்டாராதனெ’யில் இட்லியின் பெயர் வருகிறது; ஆனால் பழைய குறிப்புகளில் காண்பது உளுந்துப் பண்டம்தான், இந்த மூன்றும் அவற்றில் இல்லை என்று காட்டினார். புளிக்க வைத்து அவிக்கும் முறை இந்தோனேசியத் தொடர்பில் வந்திருக்கலாம் என்று ஊகித்தார். இந்த ஊகத்தை மறுப்பவர்கள் உண்டு. பானை வாயில் துணி கட்டி அவிக்கத் தனிப் பாத்திரம் எதற்கு என்று அவர்கள் கேட்கிறார்கள். முடிவு எப்படியும் இருக்கட்டும். இட்லியைத் தின்றுகொண்டே இருந்த நமக்கு இந்த மூன்று கேள்விகள் தோன்றவில்லை. ஒரு கலவையைப் பார்த்தால் அதன் கூறுகளைப் பிரித்துப் பார்க்கப் பழகியவருக்குத் தோன்றின.

ஊரைச் சுற்றிச் சாப்பிட்டு எழுதுபவர்களுக்கும் இது பொருந்தும். லாஸ் ஏஞ்சல்ஸின் ஜோனதன் கோல்ட், சாப்பாட்டு விமர்சனத்துக்காக முதன்முதலில் புலிட்சர் விருது பெற்றவர், ஆண்டு 2007. செலோ வாசித்தவர், கல்லூரியில் படித்தது இசை. முதலில் பார்த்தது சட்டச் செய்திப் பத்திரிகை ஒன்றில் பிழைதிருத்தும் வேலை. பிறகு எழுதியது ராப் இசை பற்றி. இருபதுகளின் தொடக்கத்தில், நகரின் நடுவிலிருந்து கடற்கரை வரை போகும் பீகோ சாலையில் உள்ள உணவகங்களை வரிசையாக ஒன்று விடாமல் சாப்பிட்டுப் பார்ப்பது என்று கிளம்பினார். எல் சால்வடாரிலிருந்து வந்தவர்களின் தட்டுக்கடை, கொரியக் கறிக்கடை, மெக்ஸிகோ வண்டிக்கடை எல்லாம் அந்தச் சாலையில் அடுத்தடுத்து இருந்தன. பழகாத சமையல் என்றால் ஒரே கடைக்குப் பல முறை போன பிறகுதான் எழுதுவார். ஒரு புதிய இசையை இரைச்சல் என்று ஒதுக்காமல் திரும்பத் திரும்பக் கேட்கும் காது அவருக்கு முன்பே பழகியிருந்தது. பெரிய உணவகங்களின் வெள்ளை விரிப்பு மேசைகளையே சுற்றிக்கொண்டிருந்த அமெரிக்க விமர்சனத்தை, குடியேறிகளின் கடைகள் இருக்கும் தெருக்களுக்குத் திருப்பியதில் அவர் பங்கு பெரிது.

குடிக்கும் பொருளுக்கு வந்தால், மைக்கேல் ஜாக்சன் என்ற பெயரைச் சொல்லாமல் தீராது. பாடகர் இல்லை, இங்கிலாந்தின் யார்க்‌ஷரில் 1942-இல் பிறந்து, பதினாறு வயதில் படிப்பை விட்டு உள்ளூர்ப் பத்திரிகை நிருபரானவர். 1977-இல் வந்த அவருடைய உலக பீர் வழிகாட்டி, பீரை ஊர், பக்குவம், நொதிக்கும் முறை ஆகியவற்றைக் கொண்டு வகை பிரித்தது. பெல்ஜியத்தின் சிறு பீர் ஆலைகளுக்கு வெளிநாட்டு வாசகர்கள் கிடைத்தார்கள், கூடவே வாடிக்கையாளர்களும். தமிழில் இதற்கு இணையான குடிபானம் காப்பி. அதன் கதையை எழுதியவர் ஒரு வரலாற்றாசிரியர்: ஆ. இரா. வேங்கடாசலபதியின் ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’. டிகிரி காப்பிக்குப் பாராட்டுரை எழுதுவது சுலபம். நீராகாரம் குடித்த தமிழ் வீடுகளுக்குள் காப்பி எப்படி நுழைந்தது, யார் அதைக் கண்டு பதறினார்கள், எந்தச் சாதி எந்த வர்க்கத்தின் அடையாளமாக அது ஆனது, காப்பி ஹோட்டலில் யாருக்கு எங்கே இடம் என்று கேட்க, பழைய பத்திரிகைகளைப் புரட்டிப் பழகிய கை வேண்டும்.

சமைக்கத் தெரியாதவர்கள் சமையலைப் பற்றித் தீர்ப்புச் சொல்லலாமா என்று தொழில்முறைச் சமையற்காரர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. குழம்பு ஏன் திரிந்தது என்பது அடுப்பின் முன் நின்றவருக்குத்தான் தெரியும். ஆனால் கை நன்றாகப் பழகிவிட்டால் அது செய்வதை வாயால் சொல்வது கஷ்டமாகிவிடும். பாகு பதம் பார்க்கும் மாஸ்டரிடம் கம்பிப் பதம் என்றால் என்ன என்று கேட்டால் விரலால் தொட்டு இழுத்துக் காட்டுவார். ஏன் என்று கேட்டால், செய்து செய்து வருவது என்பார். அந்த ‘ஏன்’ புத்தகத்தில் ஏற, விரலைப் பார்த்துத் தொடர்ந்து கேள்வி கேட்கும் இன்னொருவர் பக்கத்தில் நிற்க வேண்டும்.

இதிலிருந்து கிளைக்கும் அடுத்த ஆட்சேபம் இன்னும் கனமானது. கேள்வி கேட்டவர் பெயர் அட்டையில் வருகிறது. வேர்க்க வேர்க்கக் கிளறியவர் எங்கே போனார்? அர்தூசியின் வீட்டில் எல்லாவற்றையும் செய்து பார்த்தவர்கள் பிரான்செஸ்கோ ருஃபில்லி, மரியெத்தா சபாத்தினி என்ற இரண்டு பணியாளர்கள். அவர்களைப் புறக்கணித்தார் என்று அர்தூசியைச் சொல்ல முடியாது. ஒரு ரொட்டிக்கே மரியெத்தாவின் பெயரை வைத்தார், இறக்கும்போது புத்தகத்தின் உரிமையை இருவருக்கும் எழுதி வைத்தார். ஆனாலும் உலகம் நினைவில் வைத்திருப்பது அர்தூசியை. இது எழுத்தாளரின் கெட்ட எண்ணத்தால் வருவது இல்லை. எழுத ஓய்வு, அச்சடிக்கப் பணம், படித்த மொழி ஆகிய மூன்றும் கையில் இருந்தவர்தான் எழுத முடிந்தது. அதனால் எழுதப்பட்டதும் அவர் கண்ணுக்கு எட்டிய வரைக்கும்தான். அர்தூசி வாழ்ந்த வட, நடு இத்தாலிச் சமையல் அவர் புத்தகத்தில் நிரம்பி வழிகிறது. தெற்கு இத்தாலி ஓரமாக நிற்கிறது. ‘சமைத்துப் பார்’ ஒரு பிராமணச் சைவ வீட்டின் அடுப்பு. மீனாட்சி அம்மாள் தமக்குத் தெரிந்ததைச் செம்மையாக எழுதினார். அதையே ஒட்டுமொத்தத் தமிழ்ச் சமையல் என்று நெடுங்காலம் எண்ணிக்கொண்டது வாசிக்கும் கூட்டத்தின் தவறு.

இந்தக் குறையைத் தீர்க்கும் வழியும் பின்னணியில்தான் இருக்கிறது என்பதற்குச் சாட்சி மராத்தியில் கிடைக்கிறது. ஷாஹு பாட்டோலே மத்திய அரசின் தகவல் பணியில் அதிகாரியாக இருந்தவர். மராத்வாடா பகுதித் தலித் குடும்பங்களின் உணவைப் பற்றி 2015-இல் மராத்தியில் ஒரு நூல் எழுதினார். 2024-இல் அது ஆங்கிலத்துக்கும் போனது. வெயிலில் உலர்த்திய மாட்டிறைச்சி, இரத்தம், குடல் இவற்றைச் சமைக்கும் முறைகள் அதில் இருக்கின்றன. எண்ணெயும் நெய்யும் அந்தக் குறிப்புகளில் ஏன் இல்லை, எந்தத் துண்டு யாருக்குக் கிடைத்தது, மிச்சம் ஏன் மிச்சமாகவே வந்தது என்ற கேள்விகளும் இருக்கின்றன. செய்தியைத் தொகுத்து முறையாகச் சொல்லும் அதிகாரியின் பயிற்சியும், அந்தச் சமையலில் வளர்ந்த நாக்கும் ஒரே ஆளிடம் சேர்ந்ததால் வந்த புத்தகம் அது. தமிழில் கரிசல் காட்டுச் சம்சாரியாக இருந்த கி. ராஜநாராயணன் எழுதியபோது கம்பும் சோளமும் விளைச்சலோடும் வறட்சியோடும் சேர்ந்தே வந்தன. அவர் எழுதியது கதையாகவும் கட்டுரையாகவும்; உணவெழுத்து என்று யாரும் அதைத் தனியாக எடுத்து வைக்கவில்லை.

இனிமேல் எழுத்தே எதற்கு, வீடியோ போதாதா என்று கேட்பவர்களுக்கும் பதில் சொல்ல வேண்டும். புதுக்கோட்டை மாவட்டத்துச் சின்னவீரமங்கலத்திலிருந்து ஒரு விவசாயக் குடும்பம் 2018-இல் தொடங்கிய வில்லேஜ் குக்கிங் சேனல், 2021-இல் ஒரு கோடிச் சந்தாதாரர்களை எட்டிய முதல் தமிழ்ச் சேனல் ஆனது. எழுத்தால் திறக்க முடியாத கதவை வீடியோ திறந்துவிட்டது என்பதை மறுக்கவே வேண்டாம். ஓய்வும் அச்சகமும் இல்லாதவர்களின் கையையும் குரலையும் உலகம் பார்க்கிறது. ஆனால் வீடியோ ‘எப்படி’ என்பதைக் காட்டுவதில் கெட்டி. எப்போதிருந்து, யாருக்காக, யாரை விலக்கி என்ற கேள்விகளுக்குச் சான்றுகளை எதிரெதிரே வைத்து எடைபோட வேண்டியிருக்கிறது. அதற்கு இன்னமும் பத்தி பத்தியாக எழுதுவதே தோது. இன்னொரு வித்தியாசமும் உண்டு. சாப்பாட்டு ஆசை மட்டுமே முதலாக இருப்பவர், இலவசமாகப் பரிமாறும் கடையைக் குறை சொல்லத் தயங்குவார். வேறொரு தொழிலின் நாணயத்தைக் கற்று வந்தவருக்கு அந்தத் தயக்கம் குறைவு.

ஆகவே தமிழில் உணவெழுத்து வளர வேண்டும் என்றால், ‘சாப்பாட்டுப் பிரியர்’ என்று தன்னைச் சொல்லிக்கொள்பவர்களை மட்டும் தேடிப் பயனில்லை. கலயத்தில் எவ்வளவு சுண்ணாம்பு தடவினால் பதநீர் கள்ளாகப் புளிக்காது என்பது பனையேறிக்குத் தெரியும். எந்த மாதம் எந்த மீனில் சினை இருக்கும், எது அப்போது ருசிக்காது என்பது கடற்கரையில் கூடை சுமக்கும் பெண்ணுக்குத் தெரியும். இரவு லாரி ஓட்டுபவருக்கு நெடுஞ்சாலைக் கடைகளின் வரலாறே தெரியும். இவர்களில் எழுத வருபவர் எழுதட்டும். வராதவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் பெயரையும் அட்டையில் போடும் நேர்மையோடு, கேட்டு எழுத ஒருவர் இருக்கட்டும். அடுத்த நல்ல சாப்பாட்டுப் புத்தகத்தை எழுதப்போகிறவர் இப்போது சாப்பாட்டுக்குச் சம்பந்தமில்லாத ஏதோ ஒரு வேலையில்தான் இருப்பார். அவரைத் தேடிப் பிடித்து எழுத வைப்பது பத்திரிகைகளின் பொறுப்பு.